பச்சூர் பலகையில் ஒரு சைபர்

பச்சூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரயில் பாதையோரம் நின்ற ஒரு பலகையில் என் வீட்டுக்காரர் ஒரு சைபரை எழுத வைத்தார். அந்த ஒரு சைபரால் எங்கள் குடித்தனமே அந்தரத்தில் நின்றது. எழுத வைத்தது அவர்தான். ஆனால் அதை அவர் தலைக்குள் அடித்து இறக்கியது நான். அதனால் நானே சொல்லிவிடுவதுதான் நியாயம். வேறு யாராவது சொன்னால் ஒன்று, என்னைப் பெரிய படிப்பாளியாகக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் அவரை மடையராகக் காட்டுவார்கள். இரண்டும் பொய்.

என் பெயர் ஜெபகனி. ஆம்பூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் பெயர் தேவசகாயம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு மலையேறும் பாதையில் கேங் மேஸ்திரி. பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு நாலு மைல் தண்டவாளத்தை ஒழுங்காக வைத்திருப்பது அவர் வேலை. அவருக்கென்று ரயில்வேயில் கொடுத்திருந்தது பச்சூரைத் தாண்டிக் காட்டோரத்தில் ஒற்றை அறை. பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை, பேச்சுத் துணைக்கு ஒரு பெண்பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் என்னால் போக முடியாது. எனக்கு டீச்சர் டிரெய்னிங் கொடுத்த மிஷனுக்குப் பத்து வருஷம் ஆம்பூரிலேயே வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

ஆக, கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலப் பாசஞ்சரில் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். நான் குடியிருந்தது ஹலீமா பீ என்ற விதவைப் பெண்மணியின் வீட்டில், பின்பக்கத்து அறை. தோல் பதனிடுகிற ஷெட்டு அடுத்த தெருவில். ஆவாரம்பட்டை ஊறும் வாடை எனக்கு மூக்கோடு மூக்காகப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை. ஆம்பூர் வருகிறது என்பதை வெளியே எட்டிப் பார்க்காமலே மூக்கு சொல்லிவிடும் என்பார்.

இதற்கு ஒரே வழி, அவர் சப் இன்ஸ்பெக்டர் ஆவது. போலீஸ் இல்லை, தண்டவாளத்துக்கு. ஆம்பூரில் அந்த வேலையில் இருந்தவர் அடுத்த மார்ச்சோடு ஓய்வு பெறப் போகிறார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட இரண்டு அறை வீடும் அந்த வேலையோடு உண்டு. அதற்கு ஒரு பரீட்சை. மூன்று தரம்தான் எழுதலாம். அவர் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் தவறிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தரம், 1930 ஜனவரியில்.

தண்டவாளம் பார்க்கிற ஆளுக்கு அல்ஜிப்ரா எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தத் துரைக்கோ தோன்றியிருக்கிறது, பரீட்சையில் போட்டுவிட்டார். எட்டாம் வகுப்போடு நிறுத்திய மனுஷர் என் வீட்டுக்காரர். மற்றதிலெல்லாம் தேறிவிடுவார், அல்ஜிப்ராவில் வந்து கவிழ்வார். இரண்டாவது தரம் தவறியது இரண்டே மார்க்கில். என்ன கேள்வி வந்தது என்று கேட்டேன்.

“படுத்திருக்கிற கோட்டுக்கு சாய்வு இன்னா, நிமிர்ந்து நிக்கிற கோட்டுக்கு சாய்வு இன்னான்னு கேட்டிருந்தான்.”

“நீங்க இன்னா எழுதினீங்க?”

“படுத்ததுக்கு எல்லுன்னு எழுதினேன்.”

“எல்லா?”

“லெவலு. எங்க பலகையில அப்படித்தான போட்டிருக்குது.”

“நிக்கிற கோட்டுக்கு?”

“அந்த மாதிரி பாதை எங்க ரயில்வேயில கிடையாதுன்னு எழுதினேன்.”

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்லேட்டை உடைத்திருப்பேன். பள்ளிக்கூடத்து ஸ்லேட் என்பதால் பிழைத்தது. இரண்டு மார்க்! இரண்டு மார்க்குக்காக இன்னொரு வருஷம் நான் தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும். அன்றைக்கே கட்டம் போட்ட தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு கோட்டைப் படுக்க வைத்தேன், ஒரு கோட்டை நிற்க வைத்தேன்.

“ஒரு கோடு எவ்ளோ ஏறுச்சோ அதை, எவ்ளோ நகர்ந்துச்சோ அதால வகுக்கணும். அதான் சாய்வு. இந்தப் படுத்த கோட்டுல நாலு கட்டம் நகர்ந்தா எத்தினி கட்டம் ஏறுது?”

“ஏறவே இல்லியே.”

“சைபரை நாலால வகுத்தா?”

“சைபர்.”

“அவ்ளோதான். இதோ நிக்கிற கோடு. நாலு கட்டம் ஏறுது. எத்தினி நகருது?”

“நகரல.”

“நாலை சைபரால வகுக்கணும். அது ஆவாது. அதனால நிக்கிற கோட்டுக்கு சாய்வே சொல்ல முடியாது. படுத்ததுக்கு சைபர், நின்னதுக்கு இல்லை. எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாளையே பார்த்தார். “சைபர்னாலும் ஒண்ணும் இல்லை, இல்லைன்னாலும் ஒண்ணும் இல்லை. இதுல இன்னா வித்தியாசம்?”

“பரீட்சை எழுதி சைபர் வாங்கினவளும், பரீட்சைக்கே வராதவளும் ஒண்ணா? வந்தவளுக்கு மார்க்கு இருக்குது, அது சைபர். வராதவளுக்கு மார்க்கே கிடையாது.”

“வீட்டுல ரெண்டு பேருக்கும் அடி ஒண்ணுதான்” என்றார். பிறகு, “சரி, சைபரால ஏன் வகுக்க ஆவாது?” என்று கேட்டார்.

“ஆவாதுன்னா ஆவாது. புஸ்தகத்துல போட்டிருக்குது.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதற்கு மேல் தெரியாது. எனக்குச் சொல்லிக் கொடுத்த மிஸ்ஸம்மாவும் அப்படித்தான் சொன்னார். ஆவாது என்று அடித்துச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இந்த மனுஷர்தான் ஏன் என்று கேட்டார். ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு டீச்சர்கள் கொடுக்கிற அதே பதிலை நானும் கொடுத்தேன். அதட்டினேன்.

“எல்லு கில்லுன்னு எழுதினீங்க, தோலை உரிச்சு ஷெட்டுல போட்டுருவேன். எல்லுங்கறது எழுத்து. சாய்வுங்கறது நம்பர். லெவல்னா இன்னா?”

“சைபர்.”

“சுவர்னா?”

“இல்லை.”

அதிலிருந்து அவர் வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் கால் வைக்கும்போதே கேட்பேன். சாப்பிடும்போது கேட்பேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் கேட்பேன். இரண்டு மாதத்தில் ஹலீமா பீக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் வந்தால் திரைக்குப் பின்னாலிருந்து, “வாங்க மேஸ்திரி, லெவல்னா சைபர், சவுக்கியமா?” என்பார். பாடம் இவ்வளவு நன்றாக ஏறிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து வாசலில் அவர் நின்றுகொண்டிருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னான். புதன்கிழமையில் அவர் வந்ததே கிடையாது. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன். யாரும் சாகவில்லை. கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார். வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

நடந்தது இதுதான். மலைப் பாதையில் ஏற்றம் மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு கம்பம் நட்டு, அதில் கை மாதிரி ஒரு பலகை வைத்திருப்பார்கள். ஏற்றம் என்றால் கை மேலே தூக்கியிருக்கும், இறக்கம் என்றால் கீழே தாழ்ந்திருக்கும். அதில் எழுபது, எண்பது, நூறு என்று ஒரு எண். எஞ்சின் டிரைவர் அதைப் பார்த்துத்தான் நீராவியைக் கூட்டுவார், குறைப்பார். மேடு பள்ளம் இல்லாத சமதளத்தில் கை படுக்கையாக இருக்கும். அதில் எண்ணுக்குப் பதில் ‘எல்’ என்ற எழுத்து. பெரிய துரை பாதையைப் பார்க்க வருகிறார் என்பதால் எல்லாப் பலகைக்கும் புதுப் பெயிண்டு அடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பச்சூர் ஸ்டேஷனை ஒட்டிய சமதளத்தில் பழைய பலகை மழையில் உளுத்துப் போயிருந்தது, எழுத்தே தெரியவில்லை. புதுப் பலகை அறுத்து வெள்ளை அடித்துவிட்டு, கேங்கில் பெயிண்டு வேலை தெரிந்த வேலாயுதம், “இதுல இன்னா மேஸ்திரி எழுதறது?” என்று கேட்டிருக்கிறான்.

“எனக்கு எல்லுன்னுதான் வாயில வந்துச்சு” என்றார் என் வீட்டுக்காரர். “உடனே நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. எல்லுங்கறது எழுத்து, சாய்வுங்கறது நம்பர்னு சொன்னியே. இத்தினி வருஷமா ரயில்வேக்காரன் தப்பா எழுதி வெச்சிருக்கிறான், நாமளாவது சரியாப் போடுவோம்னு சைபர் போடச் சொன்னேன். சனிக்கிழமை வந்து உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

சனிக்கிழமைக்கு முன்பே பெரிய துரை, தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிக்கொண்டு போகிற டிராலியில் வந்துவிட்டார். கூடவே இவருக்கு மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் ராமமூர்த்தி. பலகையைப் பார்த்ததும் துரை டிராலியை நிறுத்தச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தாராம். இந்த இடத்தில் வண்டி பனைமரம் ஏறுகிற மாதிரி ஏற வேண்டுமா என்று கேட்டாராம். துரை சிரித்தார், சரி. ராமமூர்த்தி சிரிக்கவில்லை. துரை முன்னால் தன் பாதை கேலிக்கு ஆளானதில் அவர் முகம் கறுத்துவிட்டது. மறுநாளே மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியாக இல்லாவிட்டால் பரீட்சைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பரீட்சை இல்லையென்றால் ஆம்பூர் இல்லை. அந்த ஓட்டு வீடு இல்லை. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“சைபர் எழுதினா இன்னா தப்பு? சமமா இருக்கிறதுக்கு சாய்வு சைபர்தான். சீமைக்குப் போனாலும் சைபர்தான். உங்க துரைக்கும் தெரியல, இன்ஸ்பெக்டருக்கும் தெரியல. இவங்க பரீட்சை வேற வெக்கிறாங்களாம்! எடுங்க அந்தப் பேனாவை. இங்கிலீஷ்ல நானே எழுதறேன்.”

புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். பக்க எண்ணைக் குறித்தேன், படம் போட்டேன். கடைசியில், அல்ஜிப்ரா தெரியாதவர்கள் அல்ஜிப்ரா தெரிந்தவர்களைத் தண்டிப்பது நீதியல்ல என்று ஒரு வரி. அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. உரக்கப் படித்துக் காட்டினேன். முன்கட்டிலிருந்து ஹலீமா பீ, “இன்னா பேஜாரும்மா, சத்தம் ஜாஸ்தியா கீதே?” என்றார். பதில் சொல்லக்கூட எனக்குப் பொறுமையில்லை.

அவர் நான் ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “ஜெபகனி, ஒரு சாக்குக்கட்டி கொடு” என்றார்.

“இன்னாத்துக்கு?”

“கொடேன்.”

கொடுத்தேன். சிமெண்டுத் தரையில் ஒரு சாய்ந்த கோடு போட்டார். பக்கத்தில் எண்பது என்று எழுதினார்.

“எண்பதுன்னு பலகையில இருந்தா இன்னா அர்த்தம் தெரியுமா? எண்பது அடி போனா ஒரு அடி ஏறும். அதுல டிராலி தள்ளினா முழங்கால் நடுங்கும்.” இன்னொரு கோடு போட்டார், அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக. “நூறு. நூறு அடி போனா ஒரு அடி. பாட்டுப் பாடிக்கிட்டே தள்ளலாம்.” இன்னொன்று, இன்னும் தாழ்வாக. “இரநூறு. வேலாயுதம் ஒருத்தனே தள்ளுவான். வாட்டம் கம்மியாவ ஆவ, நம்பர் ஜாஸ்தியாவுது. பாத்தியா?”

பார்த்தேன். என் வகுப்பில் சாய்வு குறைந்தால் எண்ணும் குறையும். இங்கே கூடிக்கொண்டே போனது. எனக்குள் ஏதோ இடறியது.

அவர் கடைசியாக ஒரு படுக்கைக் கோடு போட்டார். “இப்போ நீ சொல்லு டீச்சரம்மா. லெவல்ல ஒரு அடி ஏறணும்னா எத்தினி அடி போவணும்?”

நான் வாயைத் திறந்தேன். சைபர் என்று வரவில்லை. எப்படி வரும்?

“ஆம்பூர் வரைக்கும் போனாலும் ஏறாது” என்றார் அவர். “மெட்ராஸ் வரைக்கும் போனாலும் ஏறாது. எந்த நம்பரைப் போட்டாலும் பொய்யி. அதனாலதான் நம்பர் போடாம எழுத்துப் போட்டிருக்கிறான். நான் போய் அங்க சைபர் போட்டேன். சைபர் அடி போனா ஒரு அடி ஏறும்னு ஆயிருச்சு. நகராமலே ஏறணும். அது இன்னாது?”

“சுவரு” என்றேன்.

“சுவருதான். அதான் துரை சிரிச்சாரு.”

அவர் சாக்குக்கட்டியைத் தரையில் வைத்தார். “உன் புஸ்தகம் கேக்கறது ஒரு கேள்வி. ஒரு அடி நகர்ந்தா எவ்ளோ ஏறும்? எங்க பலகை கேக்கறது அதையே திருப்பிப் போட்டு. ஒரு அடி ஏற எவ்ளோ நகரணும்? உன் கேள்விக்கு லெவல்ல பதில் இருக்குது, சைபர். சுவருல பதில் இல்ல. எங்க கேள்விக்கு சுவருல பதில் இருக்குது, சைபர், லெவல்ல இல்ல. பச்சூர்லருந்து வர்ற வழியெல்லாம் இதைத்தான் யோசிச்சிக்கிட்டு வந்தேன். சைபரால ஏன் வகுக்க ஆவாதுன்னும் இப்பத்தான் புரிஞ்சுது. ஒரு அடி நகர்ந்தா எவ்ளோ ஏறுவேன்னு சுவருகிட்ட கேட்டா அது இன்னா சொல்லும்? நான் நகரவே மாட்டேனே, என்கிட்ட இன்னாத்துக்கு இந்தக் கேள்வின்னு சொல்லும்.”

ஐந்து வருஷமாக நான் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ‘ஆவாதுன்னா ஆவாது’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்திய மனுஷர், டிராலி தள்ளின முழங்காலை வைத்துக்கொண்டு அதை எனக்கு விளக்கிவிட்டார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் விட, இந்த மனுஷரோடு தினமும் பேசக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம்தான் அதிகமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

“இப்போ இன்னாத்துக்கு அழுவற?”

“நான் சொன்னதாலதான நீங்க எழுதினீங்க. நான்தான் உங்க பேரைக் கெடுத்தேன். என் சம்சாரம் தப்பாச் சொல்லிக் கொடுத்தான்னு எழுதுங்க.”

“நீ தப்பாச் சொல்லலியே. பாடம் உன்னுது, அது சரி. பலகை என்னுது, அதுலதான் தப்பு.”

நான் எழுதிய மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். அந்தக் கடைசி வரிக்காக மட்டும் மனசு கொஞ்சம் வலித்தது. அவர் தமிழில், ஒரே பக்கத்தில், தன் கையால் எழுதினார். சைபர் எழுதச் சொன்னது தான் என்றும், வேலாயுதத்தின் மேல் குற்றமில்லை என்றும் முதலில். பிறகு தரையில் போட்ட அதே கோடுகள். புஸ்தகம் கேட்பது இது, பலகை கேட்பது இது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன், இனிக் குழம்பாது. அவ்வளவுதான். எழுத்துப் பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

ராமமூர்த்தி அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். அந்தப் பலகையைக் கழற்றி எரித்துவிட்டு, ‘எல்’ போட்டுப் புதுப் பலகை வைக்கச் சொன்னாராம். மறு வாரம் பரீட்சைப் பட்டியல் வந்தது. பெயர் இருந்தது.

பரீட்சை ஜோலார்பேட்டையில். அன்றைக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது. சாயங்காலம் நேராக ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் நின்றேன். பாசஞ்சரிலிருந்து இறங்கியவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சொல்லித் தொலைங்களேன்.”

“எழுத்துப் பரீட்சை பரவால்ல. அப்புறம் நேருக்கு நேராக் கேள்வி கேட்டாங்க. கேட்டது பெரிய துரை. என்னைப் பாத்ததும், நீதான சுவரு கட்டின மேஸ்திரின்னாரு. பக்கத்துல நம்ம ராமமூர்த்தி ஐயாதான் தமிழ்ல சொன்னாரு.”

“அப்புறம்?”

“லெவலுக்கு சாய்வு இன்னான்னு கேட்டாரு.”

“சைபர்னு சொன்னீங்களா?”

“இல்ல. எந்தக் கேள்வின்னு திருப்பிக் கேட்டேன்.”

“துரைகிட்டயா?”

“ஆமா. அல்ஜிப்ராக் கேள்வியா, பலகைக் கேள்வியான்னேன். ராமமூர்த்தி ஐயா அதை இங்கிலீஷ்ல சொல்லவே யோசிச்சாரு. அப்புறம் சொல்லிட்டாரு. துரை பேனாவைக் கீழ வெச்சிட்டு, ரெண்டையும் சொல்லுன்னாரு. சொன்னேன். சுவருக்கும் சொன்னேன்.”

“அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“எதிர்ல இருந்த நாற்காலியில உக்காரச் சொன்னாரு.” அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் மாறியது. “பதிமூணு வருஷ சர்வீசுல ஒரு துரை என்னை உக்காருன்னு சொன்னது இல்ல ஜெபகனி.”

உட்காரச் சொன்னால் தேறிவிட்டார் என்று அர்த்தமா, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. நான் ஸ்டேஷன் பக்கம் போகிற போதெல்லாம் அந்த ஓட்டு வீட்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். பார்த்தால் ஆசை வந்துவிடும். பழைய சப் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா கொல்லையில் முருங்கை வைத்திருந்தார். அது வேலிக்கு மேலே வந்து காய்த்துத் தொங்கியது. தலையைத் திருப்பினாலும் கண்ணில் பட்டது.

மார்ச்சு கடைசியில் ஒரு கார்டு வந்தது. ‘ஆம்பூருக்கே போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி சாமான்களோடு வருகிறேன்.’ தேதியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏப்ரல் ஒன்றாம் தேதி என்றால் டீச்சர் முதுகில் காகிதம் ஒட்டுகிற நாள். நாலு தரம் படித்தேன். ஹலீமா பீயிடம் படித்துக் காட்டினேன். “அல்லா கிருபை” என்றார் அவர். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே எனக்கு யாரும்மா கணக்குச் சொல்லுவாங்க?” என்றார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நிஜமாகவே வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு அரிக்கேன் விளக்கு, கோணியில் சுற்றிக் கட்டிய நீளமான ஏதோ ஒன்று. என் சாமான்களைக் காலையிலேயே கைவண்டியில் அந்த ஓட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். இரண்டு அறையையும் கழுவி விட்டிருந்தேன். அவர் உள்ளே வந்து, தரை எந்தப் பக்கம் வாட்டம் என்று தண்ணீர் ஓடுவதைத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“கோணியில இன்னாது?”

பிரித்துக் காட்டினார். வெள்ளைப் பலகை. கறுப்புப் பெயிண்டில் வேலாயுதம் அழகாக, உருட்டி எழுதிய சைபர்.

“இதை எரிக்கச் சொன்னாரே உங்க இன்ஸ்பெக்டர்!”

“ராமமூர்த்தி ஐயாகிட்ட போய் உண்மையச் சொன்னேன், எரிக்க மனசு வரலன்னு. பாதையோரம் மட்டும் இருக்கக்கூடாது, வேற எங்க வேணா வெச்சுக்கோன்னாரு.” அறையைச் சுற்றிப் பார்த்தார். “எங்க வெக்கிறதுன்னுதான் தெரியல. எங்க வெச்சாலும் தப்பான பலகைதான. உன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போ, பிள்ளைங்களுக்குக் காட்டு.”

நான் அதைக் கையில் வாங்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஐந்து வருஷமாக நான் இருந்ததெல்லாம் ஹலீமா பீயின் சுவர்களுக்கு நடுவே. அவர் இருந்தது ரயில்வேயின் ஒற்றை அறையில். ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. என் சாமான் பெட்டியிலிருந்து சுத்தியையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு முன்னறைச் சுவரை நோக்கிப் போனேன்.

“அங்க இன்னாத்துக்கு?”

“உங்க பலகைக் கணக்குல சைபர்னா இன்னா?” என்று கேட்டேன்.

அவர் பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது.

“சுவரு” என்றார்.

“அப்போ இங்க இது சரியான நம்பர்தான். பிடிங்க” என்று அவர் கையில் பலகையைக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுச் சுவரில் முதல் ஆணியை அடித்தேன்.